முஷ்டிக்குள் நுழைந்த புல்

“எனக்கு வெறுங்கை வேண்டாம், ஆசானே. ஆயுதம் வேண்டும்.”

சிரு இதைச் சொன்னபோது அவள் முதுகில் கட்டியிருந்த குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதனால் குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் அந்தக் குரலில் இருந்த அவசரத்தைக் கேட்டு முற்றத்து மூலையில் பன்றிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

ஆசான் உஷி பன்றித் தொட்டியில் கிழங்குத் தோலைக் கொட்டிக்கொண்டிருந்தார். கொட்டி முடிக்கும்வரை திரும்பவில்லை.

ஒக்கினாவாவுக்கு அப்பால், புயல் அடித்தால் பெரிய தீவுக்காரர்கள் மறந்துவிடுகிற ஒரு சின்னத் தீவு அது. அங்கே கராத்தே சொல்லிக்கொடுக்கும் முற்றம் ஒன்றே ஒன்றுதான். உஷியின் அப்பா இருந்தவரை அவருடையது. அவர் போன பிறகு மகள் முற்றத்தைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, நடுவில் போய் நின்றார். ஊர் சிரித்தது. சிரித்தவர்களில் சிலர் என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று உள்ளே போனார்கள். மண்ணைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தவர்கள் அப்புறம் சிரிக்கவில்லை.

உஷி வயதில் சிருவைவிட இளையவர். வெளியே தெருவில் பார்த்துக்கொண்டால் உஷிதான் முதலில் குனிந்து, சாப்பிட்டீர்களா அக்கா என்று கேட்பார். வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். சிரு குனிய வேண்டும். ஆசானே என்று சொல்ல வேண்டும். உஷி அவளை நீ என்பார். அந்த முற்றத்தின் வழக்கம் அது. யாருக்கும் அதில் வருத்தம் இருந்ததில்லை.

“யாரை அடிக்க வேண்டும்?” என்று கேட்டார் உஷி.

“என் வீட்டுக்காரரின் அண்ணனை.”

உஷி கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். சிரு நின்றுகொண்டே சொன்னாள். உட்கார்ந்தால் குழந்தை விழித்துவிடும்.

சொல்வதற்கு அதிகம் இல்லை. போன புயல் காலத்தில் அவள் கணவன் சன்ரா மீன் பிடிக்கப் போனான். குழந்தைக்கு அப்போது பல் முளைக்கவில்லை. போனவன் வரவில்லை. படகும் வரவில்லை. சன்ராவின் வீடு தெற்கே இருக்கிற தீவில். அங்கே அவன் அம்மாவும் அண்ணன் ஜிராவும் இருக்கிறார்கள். மகனை இழந்தவள் பேத்தியைக் கேட்கிறாள். மூத்த பெண்குழந்தைக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயரை வைப்பது அந்தத் தீவுகளின் முறை. குழந்தைக்கும் கமி என்று மாமியாரின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். என் பெயரை வைத்திருக்கிறவள் என் வீட்டில் வளரட்டும் என்று மாமியார் சொல்லி அனுப்பிவிட்டாள். தெற்கத்திக் காற்று தொடங்கியதும் ஜிரா படகோடு வருவான்.

“நீயும் கூடப் போகலாமே.”

போகலாம்தான். ஆனால் சன்ரா இந்தக் கரையிலிருந்துதான் போனான். வந்தால் இந்தக் கரைக்குத்தான் வருவான். வரும்போது வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

சிரு இதைச் சொல்லவில்லை. வாசலைத் தாண்டிக் கடல் தெரிகிற பக்கம் அவள் பார்வை போய் வந்தது, அவ்வளவுதான். உஷி அதைப் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை.

“அவர் தனி ஆளாகப் படகைக் கரையில் ஏற்றுவார், ஆசானே. நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினாலே எனக்கு மூச்சு வாங்கும். வெறுங்கையை வைத்து என்ன பண்ணுவேன்? அரிவாள் சொல்லிக்கொடுங்கள். கம்பு சொல்லிக்கொடுங்கள். எதுவானாலும் சரி.”

“உன் வீட்டில் என்ன இருக்கிறதோ, அதைக் கொண்டு வா.”

மறுநாள் அவள் ஒரு துடுப்பைக் கொண்டு வந்தாள்.

சும்மா தோளில் போட்டுக்கொண்டு வரவில்லை. ஆண்பிள்ளைச் சட்டை ஒன்றில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். முதுகில் ஒரு குழந்தை, முன்னால் ஒரு துடுப்பு.

முற்றத்தில் பழக வருகிற கானி அன்று இருந்தான். கல்தச்சன். ஊரில் பாதிச் சுவர் அவன் கட்டியது. வாய் அதைவிட நீளம். “இரட்டைப் பிள்ளையா, சிரு” என்று கேட்டான்.

சிரு சட்டையைப் பிரித்தாள்.

அது சன்ராவின் துடுப்பு. புயலுக்குப் பிறகு, தாழம்புதருக்குக் கீழே, கடல் கொண்டுவந்து போட்டிருந்தது. அவனுடையதில் திரும்பி வந்தது அது மட்டும்தான். அதைக் கண்டெடுத்ததை அவள் தெற்குத் தீவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. வீட்டில் பாயின் ஒரு பக்கம் குழந்தை, மறு பக்கம் துடுப்பு. குழந்தையின் மூக்கின் கீழ் விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். பிறகு மறு பக்கம் திரும்பி மரத்தைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகுதான் கண் மூடும்.

உஷி துடுப்பைத் தொடவில்லை. சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னார்.

“முஷ்டி பிடி.”

சிரு விரல்களை மடக்கினாள்.

அந்த முற்றத்தில் முதல் பாடம் அதுதான். சுவர் இடுக்கில் முளைத்திருக்கும் விறைப்பான புல்லில் ஒன்றை ஆசான் பிடுங்குவார். மடக்கிய கையின் பக்கவாட்டில் வைத்து உள்ளே தள்ளிப் பார்ப்பார். புல் வளைந்தால் அது முஷ்டி. நுழைந்தால் அது வெறும் மடக்கிய கை.

சிருவின் கைக்குள் புல் வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

“இறுக்கிப் பிடி.”

இறுக்கினாள். விரல் கணுக்கள் வெளுத்தன. புல் நுழைந்தது.

“மணி மாதிரி நூல் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளலாம்” என்றான் கானி.

உஷி அவனைப் பார்த்த பார்வையில் அவன் எழுந்துபோய்ப் பன்றிக்குத் தண்ணீர் வைத்தான்.

“மறுபடியும் இறுக்கு” என்றார் உஷி.

“எனக்கு இதற்கு மேல் வராது, ஆசானே.”

“இறுக்குவது போதாமல் இல்லை. உள்ளே ஏதோ இருக்கிறது.”

சிரு கையை விரித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து தினமும் வந்தாள்.

காலையில் வெறுங்கைக் கட்டா. கட்டா என்பது ஆள் இல்லாத சண்டை. எதிரே ஒருவன் நிற்பதாக நினைத்து, வரிசை மாறாமல் தடுக்க வேண்டும், அடிக்க வேண்டும், திரும்ப வேண்டும். யார் எத்தனை தலைமுறைக்கு முன் கோத்த வரிசையோ, அதில் ஒரு விரல் மாறக்கூடாது. அது முடிந்த பிறகு துடுப்புக் கட்டா.

துடுப்புக் கட்டா மீனவர்கள் கோத்தது. மணலில் நின்று செய்வது. அதில் ஓர் இடம் வரும். துடுப்பின் அலகை மணலுக்குள் செருகி, சட்டென்று மேலே தூக்கி, எதிராளியின் கண்ணில் மணலை வாரி இறைக்க வேண்டும். வலு குறைந்தவர்களுக்கு அந்தக் கட்டா தருகிற பெரிய துணை அதுதான்.

சிரு அந்த இடத்தில் மட்டும் அலகை மணலுக்கு மேலேயே வைத்துக்கொண்டாள். செருகுவதுபோல் செய்தாள். தூக்குவதுபோல் செய்தாள். மணல் அசையவில்லை.

“செருகு.”

“செருகுகிறேன், ஆசானே.”

“மணலுக்குத் தெரியவில்லையே.”

சிரு தலையைக் குனிந்துகொண்டாள். அலகில் கீறல் விழுந்துவிடும் என்று சொல்ல வாய் வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அவள் கைகள் துடுப்பில் அகலமாக, மிக அகலமாக விரிந்து நின்றன. வீசினால் வேகம் இல்லை. திருப்பினால் தோள் இடித்தது. துணி காயப்போடுகிற கொடிக்கம்பு நடந்து போகிற மாதிரி இருக்கிறது என்று கானி சொன்னான். அதைக் கேட்டு அவளே ஒரு தடவை சிரித்துவிட்டாள். ஆனால் கையை நகர்த்தவில்லை.

உஷி வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்து உள்ளே நகர்த்தி வைப்பார். அடுத்த வீச்சு வருவதற்குள் கைகள் தாமாகவே பழைய இடத்துக்குப் போய்விடும்.

ஒரு நாள் உஷி துடுப்பின் அருகே குனிந்து பார்த்தார். மரம் இரண்டு இடத்தில் தேய்ந்து கறுத்திருந்தது. உள்ளங்கையின் வேர்வை குடித்துக் குடித்து வழவழப்பாகி, லேசாகக் குழிந்திருந்தது. சன்ரா அகன்ற தோள்காரன்.

“எங்கே பிடிக்கிறாய்?”

“பிடிக்கிற இடத்தில்தான், ஆசானே.”

“யார் பிடிக்கிற இடத்தில்?”

சிருவின் கைகள் அசையவில்லை. அந்தக் குழிகளுக்குள் அவளுடைய சின்ன உள்ளங்கைகள் இடம் மிஞ்சிக் கிடந்தன.

உஷி கிழங்கு உரிக்கப் போய்விட்டார்.

மழைக்காலம் முடிகிற நேரம் வந்தது. வடக்கே போன மேகங்கள் திரும்பவில்லை. காற்று கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு காலையும் சிரு எழுந்ததும் முதல் வேலையாக விரலை ஈரமாக்கி வாசலில் நீட்டிப் பார்த்தாள். கரையில் எந்தப் படகின் அடி மணலில் உரசினாலும் வீட்டுக்குள்ளிருந்து அவளுக்குக் கேட்டது. அந்தச் சத்தத்துக்கு அவள் நெஞ்சு இரண்டு விதமாக அடித்தது. சன்ராவாக இருக்குமோ. ஜிராவாக இருக்குமோ.

கமி நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். முற்றத்தில் தத்தித் தத்திப் போய்ப் பன்றியின் காதைப் பிடித்தாள். கட்டாவின் நடுவே சிருவின் கண் அங்கேயும் ஓடும்.

“ஆசானே, காற்று மாறிக்கொண்டிருக்கிறது. நான் எதுவும் கற்றுக்கொண்ட மாதிரி இல்லை. சீக்கிரம் ஏதாவது சொல்லிக்கொடுங்கள். ஒரே ஒரு அடி போதும்.”

“கட்டாவில் உன் எதிரே யார் நிற்கிறார்?”

“ஜிரா அத்தான்.”

“எங்கே?”

“நேர் எதிரே.”

“எவ்வளவு தூரத்தில்?”

சிரு துடுப்பை நீட்டிக் காட்டினாள். இந்த அலகு தொடுகிற தூரத்தில் என்றாள்.

“அவர் அங்கே நிற்கிறார். நீ அவர் தோளுக்கு மேலே பார்க்கிறாய்.”

சிரு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

அவள் கட்டா செய்கிற இடத்திலிருந்து நேரே பார்த்தால் வாசல். வாசலுக்கு அப்பால் கரை. கரைக்கு அப்பால், ஒரு படகு வருவதாக இருந்தால் முதலில் புள்ளியாகத் தெரிகிற இடம்.

“துடுப்பை வை. வெறுங்கையில் செய்” என்றார் உஷி.

வைத்தாள். வெறுங்கைக் கட்டாவைத் தொடங்கினாள். தடுப்பு, அடி, திருப்பம். நடுவில் உஷி கையைக் காட்டி நிறுத்தினார். நின்றபடியே நில் என்றார்.

சிரு தன் கைகளைப் பார்த்தாள். நெஞ்சுக்கு முன்னால் இருக்க வேண்டிய இரண்டு கைகளும் அகலமாக விரிந்து, அந்தரத்தில், இல்லாத ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. நடுவிலே அதே தூரம். அதே இரண்டு குழிகளின் தூரம்.

உஷி சுவரிலிருந்து ஒரு புல்லைப் பிடுங்கினார். அவள் இடது முஷ்டிக்குள் விட்டார். போயிற்று. வலது முஷ்டிக்குள் விட்டார். போயிற்று.

“நான் உன்னிடம் வெறுங்கை கேட்டேன்.”

சிருவுக்குக் கோபம் வந்தது. பல மாதமாக அடக்கி வைத்திருந்த கோபம். அதற்கு ஆசான், முற்றம், வழக்கம் எதுவும் தெரியவில்லை.

“உங்கள் கைக்குள் புல் போகாதோ?”

உஷி தன் கையை மடக்கி நீட்டினார். சிரு அந்தப் புல்லை வாங்கித் தள்ளிப் பார்த்தாள். புல் வளைந்தது. இன்னொரு பக்கம் தள்ளினாள். முறிந்தது. கல்லில் குத்திய மாதிரி.

“எப்படி வந்தது இது? எத்தனை வருஷம் ஆயிற்று?”

உஷி கொஞ்ச நேரம் தன் முஷ்டியையே பார்த்தார்.

“என் கையில் எதுவும் இருந்ததில்லை, அக்கா.”

முற்றத்துக்குள் அவர் அக்கா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. எழுந்து பன்றித் தொட்டிப் பக்கம் போய்விட்டார். தொட்டி அப்போது நிறைந்துதான் இருந்தது.

தெற்கத்திக் காற்று ஒரு காலையில் வந்தேவிட்டது. அதோடு ஒரு படகின் பாயும் வந்தது.

சிரு கமியை உஷியிடம் கொடுத்தாள். உஷி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாழம்புதர் நிழலில் போய் நின்றார். அருகே வரவில்லை.

சிரு ஈர மணலில் இறங்கி நின்றாள். கட்டாவின் முதல் நிலை. துடுப்பு குறுக்காக. கால் விரல்களை மணலுக்குள் புதைத்துக்கொண்டாள்.

ஜிரா பாயைச் சுருட்டினான். தண்ணீரில் குதித்தான். படகை ஒற்றை ஆளாக இழுத்துக் கரையில் ஏற்றினான். பிறகு திரும்பி அவளைப் பார்த்து நடந்து வந்தான்.

அவள் கைகள் நகர்ந்தன. யாரும் பிடித்து நகர்த்தாமல், இரண்டும் உள்ளே வந்து, அவளுக்கு வாகான இடத்தில் மரத்தைப் பிடித்தன. அவளுடைய தோள் அகலம். அவளுடைய பிடி. கண்கள் அவன் தோளுக்கு மேலே போகவில்லை. அவன் முகத்தில் நின்றன.

அவள் துடுப்பின் அலகை மணலுக்குள் செருகினாள். கரகரவென்று ஆழமாக இறங்கியது. இனி ஒரே ஒரு வீச்சு. அவன் கண்ணில் மணல். அடுத்த வீச்சு அவன் முழங்காலில்.

ஜிரா நின்றுவிட்டான்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. துடுப்பைப் பார்த்தான்.

“இது சன்ராவுடையது” என்றான்.

சொல்லிவிட்டு, அலை வந்து போகிற இடத்தில், வந்த உடுப்போடு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கட்டாவில் அடிப்பவனுக்குத் தடுப்பு உண்டு. ஓடுகிறவனுக்கு அடி உண்டு. உட்கார்ந்துவிட்டவனுக்கு எதுவும் இல்லை. சிரு செருகிய துடுப்போடு நின்றாள்.

அவன் மெதுவாகப் பேசினான். நானும் அவனும் ஒரே மரத்தில் வெட்டினோம், எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று என்றான். எப்போது கிடைத்தது என்று கேட்டான். புயலுக்கு அடுத்து என்றாள். அப்போதேவா என்றான். அப்போதே என்றாள். ஏன் சொல்லவில்லை என்று அவன் கேட்கவில்லை. அவன் கேட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“எங்களுக்கு ஒரு பலகைத்துண்டுகூட வரவில்லை, சிரு. அம்மா இன்னும் அவனுக்குச் சோறு எடுத்து மூடி வைக்கிறாள். காலையில் எடுத்து அவளே சாப்பிடுகிறாள். குழந்தையைக் கேட்டது அதனால்தான். அவள் கையில் ஏதாவது வேண்டும்.”

அலை வந்தது. அவன் மடியை நனைத்துவிட்டுப் போனது.

“தொட்டுப் பார்க்கட்டுமா?”

சிரு விடவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தாள். அவன் எழுந்து வந்து, அவள் கைகளைத் தொடாமல், அவற்றுக்கு வெளியே, இரண்டு பக்கமும் தன் கைகளை வைத்தான்.

அவை அந்தக் குழிகளுக்குள் போய்ப் பொருந்தின.

அண்ணன் தம்பி. ஒரே கை. அதே தடித்த கட்டைவிரல், அதே கறுத்த கணு. சிரு குனிந்து பார்த்தாள். ஒரு மூச்சு நேரம், அவள் பிடித்திருந்த மரத்தை சன்ரா பிடித்துக்கொண்டு நின்றான். நிமிர்ந்தால் வேறு முகம் இருக்கும் என்று தெரிந்ததால் அவள் நிமிரவில்லை.

பிறகு கையை எடுத்தாள். முதலில் வலது. கொஞ்சம் கழித்து இடது.

“இதைக் கொண்டுபோய் அத்தையிடம் கொடுங்கள்.”

“சிரு.”

“கமிக்கு அவர் கையைத் தெரியாது, அத்தான். இந்தத் துடுப்புக்குத்தான் தெரியும்.”

ஜிரா தாழம்புதர்ப் பக்கம் பார்த்தான். நிழலில் ஒரு பெண், அவள் இடுப்பில் ஒரு குழந்தை. குழந்தை அவன் பக்கம் கையை ஆட்டியது. அது எல்லாப் படகுக்கும் கையை ஆட்டும்.

“அம்மா என்ன சொல்வாளோ தெரியாது.”

“தெரியாதுதான்.”

அவன் துடுப்பைத் தண்ணீரில் வைத்து அலகின் மணலைக் கழுவினான். புதிதாக ஒரு கீறல் விழுந்திருந்தது. கட்டைவிரலால் அதைத் தடவிவிட்டு, படகுக்குள், பாய்த்துணியின் மேல், தூங்குகிறவனைக் கிடத்துவதுபோல் கிடத்தினான். எதிர்க்காற்றானாலும் என் துடுப்பைப் போட்டே போய்விடுவேன் என்றான். குடிக்கத் தண்ணீர் கேட்டான். சிரு ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தான்.

“அடுத்த தெற்கத்திக்கு வருவேன்.”

சிருவின் முகம் மாறியது. “எதற்கு?”

“பார்க்க.”

“கூட்டிப்போகவா?”

“பார்க்க” என்றான் ஜிரா.

படகு புள்ளியாகும்வரை அவள் கரையில் நின்றாள். புள்ளி மறைந்த பிறகும் நின்றாள். கைகளை என்ன செய்வது என்று தெரியவில்லை. தொங்கவிட்டாள். கட்டிக்கொண்டாள். மறுபடி தொங்கவிட்டாள்.

வெயில் சாய்ந்ததும் அவள் முற்றத்துக்குப் போனாள். வாசலில் குனிந்தாள். உஷி கமியை இறக்கிவிட்டார். கமி ஓடிவந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள். வாயெல்லாம் கிழங்கு.

உஷி சுவர்ப் பக்கம் போய் ஒரு புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

“முஷ்டி பிடி.”

சிரு பிடித்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கட்டைவிரலை மேலே பூட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நீட்டினாள்.

புல் நுழைந்தது. முன்பு போலவே வழுக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது.

சிரு அதையே பார்த்தாள். கரையில் வராத அழுகை அவளுக்கு அப்போது வந்தது.

“கொடுத்துவிட்டேனே, ஆசானே. இன்னும் அங்கேயே இருக்கிறதே.”

உஷி புல்லை வெளியே இழுத்தார்.

கமி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புல் போய் வந்த அந்தச் சின்ன ஓட்டை அவள் கண்ணுக்கு நேரே இருந்தது. கிழங்கு அப்பிய சுட்டுவிரலை எடுத்து அதற்குள் விட்டாள்.

முஷ்டி இறுகியது.

இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

உஷி தன் கையில் இருந்த புல்லைப் பார்த்தார். அதைப் பன்றித் தொட்டியில் போட்டார்.

கமிக்கு விளையாட்டுப் பிடித்துவிட்டது. அம்மாவின் கையில் ஒரு விரல் சிக்கியிருக்க, மறு கையை நீட்டி ஆசானின் கையைத் தேடினாள். அது எப்போதும்போல மடங்கி இருந்தது. விரலை வைத்து அழுத்தினாள். போகவில்லை. வேறு பக்கம் அழுத்தினாள். அங்கேயும் இடம் இல்லை.

கமி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, உள்ளே யாரோ இருக்கிற வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல, அதைத் தட்டினாள்.

ஆசானின் கை திறந்தது.